பெயர் மாறிய கல்லூரிகள்: வாசகர் கேள்விகள்

யேல் பல்கலைக்கழகத்துக்கு மதராஸ் கவர்னர் ஒருவரின் பெயரையா வைத்தார்கள்?

ஆமாம். எலிஹு யேல், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அமெரிக்காவில் இருந்த ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய ஒன்பது பொதி சரக்கை விற்றதில் சுமார் 560 பவுண்டு கிடைத்தது. கூடவே 400 சொச்சம் புத்தகங்கள். 1718-இல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. மலிவுதான்!

நியூயார்க்கில் இருந்த கிங்ஸ் காலேஜ்தானே பிறகு லண்டனுக்குப் போனது?

இல்லை. அது 1784-இல் கொலம்பியா ஆயிற்று. விடுதலைப் போர் முடிந்த நாட்டில் ராஜா பெயரை யார் வைத்துக்கொள்வார்கள்? லண்டன் கிங்ஸ் 1829-இல் பிறந்த வேறொன்று. ஆண்டைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பிரின்ஸ்டன் 1896-இல் தொடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மாடிசன் 1771-இலேயே அங்கே பட்டம் வாங்கியிருக்கிறாரே?

நான் அப்படி எழுதவில்லை. 1896-இல் பெயர் மாறியது என்றுதான் எழுதினேன். இன்னொரு முறை படியுங்கள்.

தொடங்கியது 1746-இல், 'காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி' என்ற பெயரில். பத்து வருஷம் கழித்துத்தான் பிரின்ஸ்டன் ஊருக்கே வந்தது. மாடிசன் பட்டம் பெற்றதும் பழைய பெயரில்தான். ஆனாலும் எல்லா வாழ்க்கைக் குறிப்பிலும் 'பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பட்டதாரி' என்றே வரும். ஒருமுறை ஒரு பதிப்பாளருக்கு இதைத் திருத்தித் தந்தேன். 'வாசகருக்குக் குழப்பம்' என்று பழையபடியே அச்சடித்துவிட்டார். இப்போது குழப்பம் யாருக்கு? 1996-இல் டிரென்டன் ஸ்டேட் காலேஜ் அந்தப் பழைய பெயரை எடுத்துக்கொண்டது. இனி 'காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சியில் படித்தார்' என்று ஆண்டு இல்லாமல் எழுதினால், எந்தக் கல்லூரி என்று யாரைக் கேட்பது? அதனால்தான் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு, ஆண்டு என்று கத்திக்கொண்டே இருக்கிறேன்.

லெஸ்டர் பாலிடெக்னிக் ஏன் டி மான்ட்ஃபோர்ட் ஆனது?

1992 சட்டம் பிரிட்டனின் பாலிடெக்னிக்குகளுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் சூட்டியது. 'லெஸ்டர் பல்கலைக்கழகம்' ஏற்கெனவே இருந்தது, அதனால் வேறு பெயர். ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் கதையும் இதேதான்.

ஊர் சென்னை ஆகிவிட்டது, ஐஐடி மட்டும் ஏன் மெட்ராஸ்?

ஊர்ப் பெயரை மாற்றியது மாநில அரசு. ஐஐடியின் பெயர் 1961 மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. நாடாளுமன்றம் திருத்தினால்தான் மாறும்.

நான் படித்தது ரூர்க்கி பல்கலைக்கழகம். 2001-இல் ஐஐடி ஆகிவிட்டது. விண்ணப்பத்தில் எதை எழுத?

சான்றிதழில் உள்ளதை. பக்கத்தில், 'தற்போது ஐஐடி ரூர்க்கி'. ஆண்டையும் போடுங்கள்.