சவரக்கத்தி தீட்டுமுன் கல்மேல் இன்னொரு கல்லைத் தேய்ப்பது ஏன்?

ஜப்பானிய இயற்கைக் கல்லில் சவரக்கத்தி தீட்டுகிறவர்கள், முதலில் ஒரு சின்னக் கல்லை அதன்மேல் தேய்த்துச் சேறு வரவழைக்கிறார்களே, எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையில் பாதியைச் செய்வதே அந்தச் சேறுதான்.

கியோட்டோவைச் சுற்றிய மலைகளில் வெட்டியெடுத்த இந்தக் கற்களுக்கு 'அவாசெதோ' என்று பெயர். சவரக்கத்திக்குத் தேர்ந்தெடுப்பவை ரொம்பக் கெட்டியானவை. வெறும் தண்ணீர் விட்டால் மெதுவாகத்தான் இரும்பைத் தின்னும். அந்தச் சின்னக் கல், நகுரா. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் வெட்டியெடுத்த மிகாவா நகுராவில் பொதான், தென்ஜோ, மெஜிரோ என்று சொரசொரப்பிலிருந்து நைஸுக்குப் போவார்கள். கடைசியாக, அடிக்கல்லின் வகையையே சேர்ந்த தோமோநகுரா. தீட்டத் தீட்டச் சேறு கறுக்கும். அது கத்தியிலிருந்து வந்த இரும்பு. பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சேற்றை நீர்க்க வைத்து, வெறும் தண்ணீரில் முடிக்க வேண்டும். இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுப்பார்கள்.

விளிம்பு மழுங்கியோ பல் விழுந்தோ இருந்தால் நகுராவோடு மல்லுக்கட்டாதீர்கள். 1000 எண் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) செயற்கைக் கல்லில் விளிம்பைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கட்டும், கோணம் தானாக அமையும். கல்லில் விளிம்பு முன்னால் போகும். தீட்டியபின் கத்தியை இழுத்து மெருகேற்றும் தோல்வாரில் முதுகு முன்னால். மாற்றினால் வார் கிழியும்.

கல்லின் பக்கங்களில் அரக்கு (வார்னிஷ் போன்ற பூச்சு) பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஈரம் இறங்கி ஏடு ஏடாகப் பிளக்கலாம்.