இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் பெரிய தலைவர்களை எப்படிக் கொல்ல முடிகிறது? உள்ளே இருப்பவர்கள் உதவாமல் இது நடக்குமா?

நடக்கும். பலமுறை நடந்திருக்கிறது.

கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு காணொலியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. "அன்றைக்கு மட்டும் காவலர் ஏன் அந்த இடத்தில் இல்லை?" என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவார்களே, அந்த வகை. கேள்வி நியாயமானதுதான். பதிலும் பெரும்பாலும் விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

"அப்படியானால் சதியே கிடையாது என்கிறாயா?" என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1865இல் லிங்கன், 1914இல் சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபெர்டினாண்ட், 1948இல் காந்தி, 1991இல் ராஜீவ் காந்தி. நான்கும் விசாரணையில் நிரூபணமான கூட்டுச் சதிகள். ஆனால் கொல்ல வந்தவர்கள் கூடித் திட்டமிட்டார்கள் என்பது ஒன்று, காக்க வேண்டியவர்கள் அதற்கு உடந்தை என்பது வேறொன்று. முதலாவதற்குச் சான்று காட்டிவிட்டு இரண்டாவதையும் நிரூபித்துவிட்டதாக எழுதுகிறார்கள். காவலர்களே கொன்ற வழக்கும் உண்டு. 1984இல் இந்திரா காந்தியைச் சுட்ட இருவரும் அவர் வீட்டுக் காவலில் இருந்தவர்கள். 1981இல் எகிப்து அதிபர் சாதாத்தைக் கொன்றவர்கள் அணிவகுப்பு வண்டியிலிருந்து இறங்கிய எகிப்து ராணுவத்தினர். மற்ற பல வழக்குகளில் அறிக்கை காட்டுவது, சொன்னால் சலிப்புத் தட்டும் அளவுக்குச் சாதாரணமான ஓட்டைகளை.

ஒரு தலைவரின் பாதுகாப்பு பல வேலைகளின் கூட்டு. முன்கூட்டியே வரும் தகவலைச் சேர்த்துப் பார்ப்பது ஒரு வேலை. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு முன்னோடிக் குழு போய், யார் எங்கே நிற்பது, எந்த வழியில் வருவது, எந்த மருத்துவமனை அருகில் என்று முடிவுசெய்வது இன்னொன்று. தாக்குதல் தொடங்கிவிட்டால் மிக அருகில் நிற்பவரின் முதல் கடமை, தலைவரைத் தன் உடலால் மறைத்து அங்கிருந்து அப்புறப்படுத்துவது. திருப்பிச் சுடுவதெல்லாம் மற்றவர்கள் பாடு. இவற்றில் ஏதாவது ஒன்று தவறினாலும் மற்றவை வீணாகலாம்.

நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1901 செப்டம்பர் 6, பஃபலோ கண்காட்சி. அமெரிக்க அதிபர் மெக்கின்லி பொதுமக்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் ரகசியப் பிரிவு அதிகாரி அன்று தள்ளி நின்றார், ஏனென்றால் அந்த இடத்தில் கண்காட்சித் தலைவர் நிற்க விரும்பினார். கை வெறுமையாகத் தெரிந்தால்தான் அதிபரை நெருங்கலாம் என்பது விதி. அன்று வெயில், எல்லோர் கையிலும் கைக்குட்டை. கொலையாளி சோல்கோஷ் துப்பாக்கியைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு வரிசையில் வந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை.

121 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 8, ஜப்பானின் நாரா. முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பேசிய இடத்தின் முதுகுப்பக்கம் திறந்த சாலை. சில நாட்களுக்கு முன் அதே இடத்தில் வேறொரு தலைவருக்குப் போட்ட பாதுகாப்புத் திட்டத்தையே திரும்பப் பயன்படுத்தினார்கள். எதிரே கூட்டம் கூடியதால் பின்புறத்தைப் பார்க்க வேண்டிய காவலரின் கவனமும் முன்பக்கம் திரும்பியது. முதல் முறை சுமார் 7 மீட்டரிலிருந்து சுட்டது படவில்லை. அடுத்தது 3 விநாடிக்குள், சுமார் 5 மீட்டரிலிருந்து. அந்த இடைவெளியில் அபேயைக் கீழே தள்ளியிருக்க வேண்டும். சத்தம் என்னவென்று புரிவதற்குள் நேரம் போய்விட்டது. இதை ஜப்பான் தேசியப் போலீஸ் அமைப்பே தன் ஆய்வறிக்கையில் ஒப்புக்கொண்டது, அதன் தலைவரும் பதவி விலகினார். துப்பாக்கிச் சூடு மிக அரிதான நாட்டில் அந்தச் சத்தத்தை உடனே இனம் காண்பது கடினம் என்று வாதாடலாம். ஆனால் முதுகுப்பக்கம் காலியாக இருந்ததற்கு அந்தச் சமாதானம் ஒத்துவராது.

சரயேவோவைத்தான் தற்செயலின் உச்சம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இளவரசரைச் சுட்ட பிரின்சிப் சாண்ட்விச் வாங்க நின்றபோது கார் தானாக எதிரே வந்து நின்றது என்ற கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. நடந்தது இதுதான். 1914 ஜூன் 28 ஊர்வலத்தின் வழி முன்பே பத்திரிகையில் வந்துவிட்டது. வழியெங்கும் கொலையாளிகள் 6 பேர். காலை 10 மணி தாண்டியதும் சப்ரினோவிச் வீசிய குண்டு இளவரசர் ஃபெர்டினாண்டின் காரைத் தவறவிட்டு அடுத்த காருக்கு அடியில் வெடித்தது. பயணத்தை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நகர மண்டப வரவேற்பு முடிந்ததும், காயமடைந்தவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறேன் என்றார் இளவரசர். சரி, நகரின் உட்தெருக்களைத் தவிர்த்து ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போகலாம் என்று ஆளுநர் போட்டியோரெக் முடிவெடுத்தார். நல்ல முடிவு. அதை ஓட்டுநர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி உத்தரவைக் கொண்டுசேர்க்கும் துணை அதிகாரியோ அந்தக் குண்டில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். இளவரசர் பார்க்கப் புறப்பட்டதே அவரைத்தான்.

முன்னால் போன கார் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்தருகே வலப்பக்கம் திரும்ப, ஓட்டுநர் லோய்காவும் பின்னாலேயே திரும்பினார். "வழி தவறு" என்று போட்டியோரெக் கத்தியதும் காரை நிறுத்தினார். நின்ற இடத்துக்கு எதிரே பிரின்சிப். இன்னொரு விவரமும் உண்டு. முதல் குண்டுக்குப் பிறகு இளவரசரைக் காப்பதற்காகக் கோமகன் ஹராக் காரின் இடப்பக்கப் படியில், அதாவது ஆற்றுப்பக்கம், ஏறி நின்றுகொண்டிருந்தார். முதல் குண்டு வந்த திசை அது. பிரின்சிப் நின்றது வலப்பக்கம். கடைசியாக வந்த ஆபத்தின் திசையைப் பார்த்தே அடுத்த காவல் போடப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தகவல் கையில் இருந்தும் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் போவது இன்னும் மோசம். 1948 ஜனவரி 20 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. மதன்லால் பஹ்வா அங்கேயே பிடிபட்டார். கூட்டாளிகளில் ஒருவர் ஒரு மராத்திப் பத்திரிகையின் ஆசிரியர் என்பது வரை விசாரணையில் வெளிவந்தது. பம்பாயிலோ, மதன்லால் தன்னிடம் முன்பே பேசியதைப் பேராசிரியர் ஜெயின் மாகாண அரசின் தலைவர்களிடம் தெரிவித்திருந்தார். டெல்லி போலீஸ் ஒரு துண்டை வைத்திருந்தது, பம்பாய் போலீஸ் இன்னொன்றை. இரண்டையும் சேர்த்திருந்தால் பூனாவில் நாதுராம் கோட்சேயின் பெயரைக் கண்டுபிடிக்க அதிக வேலை இருந்திருக்காது. மாளிகையில் காவலர் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், ஆனால் கோட்சேயின் முகம் தெரிந்த ஒருவரை வாசலில் நிறுத்தவில்லை. பிரார்த்தனைக்கு வருபவர்களைச் சோதிக்கக் காந்தி சம்மதிக்கவில்லை. ஜனவரி 30 மாலை 5.17. இடையில் இருந்தவை 10 நாட்கள். காந்தி கொலையில் எனக்கு ஆறாத கோபம் இந்தப் பத்து நாட்கள் மீதுதான். இதை எழுதினால் ஒரு தரப்பு "போலீஸ் மேல் பழிபோட்டுக் கொலைகாரர்களைத் தப்ப விடுகிறாய்" என்கிறது, மறுதரப்பு "அரசே விட்டுவிட்டது என்று நீயே ஒப்புக்கொண்டாய்" என்கிறது. நான் இரண்டையுமே சொல்லவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை. 1963இல் அதிபர் கென்னடியைச் சுட்ட ஓஸ்வால்டைப் பற்றி எஃப்பிஐயின் டல்லஸ் அலுவலகத்தில் கோப்பு இருந்தது. அதிபரின் பாதுகாப்புப் பிரிவுக்கு அது போகவில்லை, காரணம் அவர் அதிபரை நேரடியாக மிரட்டியவர் இல்லை. சதிக் கதைகளில் அடிபடும் இன்னொன்றையும் தேதி வைத்துப் பாருங்கள். அவர் சுட்ட இடமான புத்தகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தது 1963 அக்டோபர் 16, கென்னடியின் ஊர்வல வழி பத்திரிகையில் வெளியானது நவம்பர் 19. வழியைப் பார்த்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தார் என்று சொல்ல முடியாது.

பிறகு தலைவர்களின் பிடிவாதம். சீசர் தன் ஸ்பானிய மெய்க்காவலர்களை அனுப்பிவிட்டிருந்தார். 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் முதல் குண்டிலிருந்து தப்பிவிட்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகாமல் இறங்கி நின்றார், இரண்டாவது குண்டு அங்கே வந்தது. சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரி 28 அன்று காவலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மனைவியோடு சினிமாவுக்குப் போனார். ஸ்ரீபெரும்புதூரில் மாலை போடுபவர்களுக்குப் பட்டியல் இருந்தது, பட்டியலில் இல்லாதவர்களும் உள்ளே வந்தார்கள். ஒரு பெண் காவலர் தடுக்கப் பார்த்தபோது ராஜீவ் காந்தியே விடச் சொன்னார். இதில் சட்டத்தின் ஓட்டையும் சேர்ந்தது. பிரதமரைக் காக்கும் சிறப்புப் படைக்கான எஸ்பிஜி சட்டம் அப்போது பதவியில் இருக்கும் பிரதமருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும். முன்னாள் பிரதமரையும் சேர்த்துத் திருத்தியது 1991 மே 21க்குப் பிறகு. மக்களைத் தொடாத அரசியல்வாதி தேர்தலில் தோற்பார் என்பதால் அவர்களை முழுக்கக் குறைசொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை.

கேள்விக்கு நேரடிச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் மே 21 வந்தால் சிதைந்த உடல்களின் படங்களைப் பதிலுக்குள் ஒட்டி வைப்பவர்களே, உங்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது? அன்று அங்கே இறந்த காவலர்களுக்கும் கட்சித் தொண்டர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, அவர்களும் இணையம் பார்க்கிறார்கள். புகார் செய்தால் "வரலாற்று ஆவணம்" என்று பதில் வருகிறது. ஆவணத்தில் அக்கறை இருந்தால் ராஜீவின் பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த வர்மா கமிஷன் அறிக்கையிலிருந்து நான்கு வரி எடுத்துப் போடலாமே.

தாக்குதலுக்குப் பிந்தைய நிமிடங்களும் பாதுகாப்பில் சேர்த்தி. இந்திரா காந்தி வீட்டில் ஆம்புலன்ஸ் நின்றது, ஓட்டுநர் இல்லை. அம்பாசிடர் காரில் எய்ம்ஸ் கொண்டுபோனார்கள். குண்டு துளைக்காத உடையையும் அன்று அவர் அணிந்திருக்கவில்லை. இதற்கு நேர் எதிர் 1981 மார்ச் 30. ஹிங்க்லி 6 குண்டுகளையும் சுட்டு முடிக்க ஆனது 2 விநாடிக்கும் குறைவு. அதற்குள் அதிகாரி ஜெர்ரி பார் ரீகனைக் காருக்குள் தள்ளிவிட்டார். வெள்ளை மாளிகைக்குப் புறப்பட்ட காரில், ரீகனின் வாயில் நுரைத்த ரத்தத்தைப் பார்த்து நுரையீரல் காயம் என்று ஊகித்து, மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். ரீகன் பிழைத்தார். ஆனால் அன்றும் ஓட்டை இல்லாமல் இல்லை. சோதனை செய்யப்படாத கூட்டம் சில மீட்டர் தொலைவில் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. ஹிங்க்லி அதற்கு முந்தைய அக்டோபரில், அப்போதைய அதிபர் கார்ட்டர் வந்திருந்த நாஷ்வில் நகரின் விமான நிலையத்தில் துப்பாக்கிகளோடு பிடிபட்டவர். அந்தச் செய்தியும் உரிய இடத்துக்குப் போகவில்லை. ரீகன் இறந்திருந்தால் இந்த இரண்டு விவரங்களை வைத்தே நூறு சதிப் புத்தகங்கள் வந்திருக்கும்.

அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு கதை தனி ரகம். 1881 ஜூலை 2 அன்று முதுகில் பாய்ந்த குண்டு தண்டுவடத்தைத் தொடவில்லை. மருத்துவர் பிளிஸ் முதலானோர் கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் காயத்தைக் கிளறினார்கள். கிருமி நீக்கம் பற்றி லிஸ்டர் எழுதி அப்போதே 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிரகாம் பெல் உலோகம் கண்டறியும் கருவியோடு வந்தார். குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று முடிவுகட்டியிருந்த பிளிஸ், அங்கே மட்டும் தேட விட்டார். அது இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு சீழ் பிடித்து, உடல் வற்றி இறந்தார்.

சந்தேகம் ஏன் தீர்வதில்லை என்றால், பல நேரங்களில் தடயத்தை அழிப்பது அலட்சியமே. பால்மே விழுந்த இடத்தைச் சுற்றிப் போட்ட தடுப்பு மிகச் சிறியது. இரண்டு தோட்டாக்களையும் கண்டெடுத்தவர்கள் பொதுமக்கள். 2007இல் ராவல்பிண்டியில் பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பெனசீர் பூட்டோ கொல்லப்பட்ட இடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். பிரேதப் பரிசோதனை இல்லை. ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் சேகரித்த தடயங்கள் 23 என்று ஐநா விசாரணைக் குழு எழுதியது. அங்கே மட்டும் உங்கள் சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். கழுவச் சொன்னது யார் என்ற கேள்வி நியாயமானது, அந்தக் குழுவும் அதைக் கேட்டது.

படிக்க வேண்டுமென்றால் காந்தி கொலையை விசாரித்த கபூர் கமிஷன் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். முழுவதும் வேண்டாம், ஜனவரி 20 முதல் 30 வரையிலான பகுதி போதும். அடுத்து கென்னடி கொலையை விசாரித்த 888 பக்க வாரன் கமிஷன் அறிக்கையில், யார் சுட்டது என்ற சண்டைக்குள் போகாமல், அதிபரின் பாதுகாப்பைப் பற்றிய 8ஆவது அத்தியாயத்தை மட்டும். படித்த பிறகும் காவலர்கள் உடந்தை என்றே தோன்றினால், எந்தக் காவலர், எந்த வழக்கு என்று குறிப்பிட்டுக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். பொதுவாக "எல்லாம் உள்ளாள் வேலை" என்று எழுதுபவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.