வாசகர் கேள்வி பதில்: பழைய காருக்கு எந்த உறை பொருத்தம்?

கேள்வி: என் தந்தையார் 1972-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்றும் ஓடும் நிலையில் எங்களிடம் இருக்கிறது. மாதம் ஒரு முறைதான் வெளியே எடுக்கிறோம். மற்ற நாள்களில், மூன்று பக்கமும் திறந்த போர்டிகோவில் நிறுத்தி, தார்ப்பாயால் மூடி வைக்கிறோம். மழை ஒரு சொட்டுகூடப் படுவதில்லை. ஆனாலும் பானெட்டில் பெயின்ட் சிறு சிறு கொப்புளங்களாகக் கிளம்புகிறது. பக்கவாட்டில் கீறல்களும் விழுந்துள்ளன. கடைக்காரர் முழுக்க வாட்டர்புரூஃப் ஆன உறை ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: வாங்க வேண்டாம். மழையைப் போர்டிகோவின் கூரையே தடுத்துவிடுவதால், உங்கள் காருக்குத் தேவை உள்ளே சேரும் ஈரத்தை வெளியே விடும் உறைதான். இரவில் தகடு குளிரும்போது, தார்ப்பாய்க்கும் பானெட்டுக்கும் நடுவே அடைபட்ட காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகத் தகட்டின் மேல் படிகிறது. வெயில் ஏறியதும் அது ஆவியானாலும், தார்ப்பாயைத் தாண்டிப் போக வழியில்லாமல் மறுநாள் இரவு மீண்டும் அங்கேயே படிகிறது. கடற்காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையது. பெயின்ட்டில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும் உப்பும் ஈரமும் அதன் வழியே இறங்கித் தகட்டை அரிக்கின்றன. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே இருக்கும் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறது. ஒரு கொப்புளத்தை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறப் பொடி தெரிந்தால், டிங்கரிங் வேலையை முடித்த பிறகே உறைக்குச் செலவு செய்யுங்கள். துருவின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த உறையைப் போர்த்தினாலும் அது பரவுவது நிற்காது.

வண்டலூர் ஆலையிலிருந்து வந்த அந்தக் காலத்து ஹெரால்டுக்கு, இப்போதைய கார்களைப் போல நிறத்துக்கு மேல் காப்பாக நிற்கும் கிளியர் கோட் கிடையாது. அன்றைய பெயின்ட் இன்னும் இருந்தால், உறை உரசும்போது தேய்வது நேராக நிறமேதான். ஆகவே உட்புறம் மென்மையான பஞ்சுத் துணியோ, அதைப் போன்ற மிருதுவான அடுக்கோ அவசியம். உட்புறத்தில் பி.வி.சி. பூச்சு உள்ளவற்றைத் தொடவே தொடாதீர்கள். அதிலுள்ள இளக்குப் பொருள் வெப்பத்தில் கசிந்து, பழைய பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

உங்கள் போர்டிகோவுக்கு நான் பரிந்துரைப்பது, காற்றோட்டமுள்ள பல அடுக்குப் பாலிப்புரொப்பிலீன் உறை. அட்டைப் பெட்டியில் ‘பிரீத்தபிள்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாமல், கடையில் ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கி, ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு டம்ளரில் பாதியளவு வெந்நீர் ஊற்றி, வாயைத் துணியால் மூடி ரப்பர் பேண்டு போட்டு, அதற்குச் சற்று மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பிடியுங்கள். சில நிமிடங்களில் தட்டின் அடியில் ஆவி படிந்தால் துணி சுவாசிக்கிறது என்று பொருள். தட்டு உலர்ந்தே இருந்தால் அந்த உறை உங்கள் தார்ப்பாய்க்கு அண்ணன், அவ்வளவுதான்.

கீறல்களுக்குக் காரணம் பெரும்பாலும் உறையின் தொளதொளப்பே. ஹெரால்டு ஏறத்தாழ 3.9 மீட்டர் நீளமும் 1.3 மீட்டர் உயரமும் கொண்ட தாழ்வான கார். இன்றைய ஹேட்ச்பேக் கார்களுக்குத் தைத்த ஆயத்த உறை நீளத்தில் சரியாக இருந்தாலும், அவற்றின் உயரம் 1.5 மீட்டரை ஒட்டியிருப்பதால், பக்கங்களில் தொங்கிக் கடற்காற்றில் படபடக்கும். உள்ளே சிக்கிய மணலும் தூசியும் உப்புத்தாளைப் போலத் தேய்க்கும். சீட் கவர் தைக்கும் கடையில் காரை நிறுத்தி அளவெடுத்துத் தைத்துக்கொள்வதே நல்லது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளுக்குத் தனிப் பை, கீழ் விளிம்பில் எலாஸ்டிக், காரின் அடிவயிற்றைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மூடுவதற்கு முன் தூசியைத் தட்டாமல் கழுவித் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு, குறிப்பாக சைலன்சர் ஆறுவதற்குள், மூட வேண்டாம்.

உறையால் ஆகாத வேலை ஒன்றும் உண்டு. ஹெரால்டின் உடலைத் தாங்குவது அடியில் இருக்கும் தனி இரும்புச் சட்டம் (சேஸிஸ்) என்பதால், தரையின் ஈரம் முதலில் தாக்குவது அதைத்தான். கனமான பாலித்தீன் விரிப்பைத் தரையில் போட்டு, அதன் மேல் காரை நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மழை விட்ட பகல்களில் உறையை எடுத்துக் காற்றாட விடுவதும் நல்லது.

கேள்வி: என் அம்பாசடர் கதவுடன் கூடிய உலர்ந்த ஷெட்டில் நிற்கிறது. பழைய பருத்திப் போர்வைகளைத் தைத்துப் போர்த்தலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகப் போர்த்தலாம். மூடிய ஷெட்டில் தூசியைத் தடுத்தால் போதும். அதற்குத் துவைத்த பருத்தியைவிட ஏற்றது அரிது. பொத்தான், ஜரிகை, தடித்த தையல் எதுவும் பெயின்ட் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலத்தில் தொட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் உடனே மாற்றிவிடுங்கள். தரை வரை தொங்கும் போர்வை எலிகளுக்கு மறைவிடமாகிவிடும். ஆகவே சக்கரத்தின் பாதி உயரத்தோடு வெட்டித் தைக்கவும்.