வயலை விற்று கிரீன் கார்டு: பத்திரத்தில் எந்த விலை?

சேரன்மகாதேவியைச் சொந்த ஊராகக் கொண்ட வாசகர் ஒருவர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் எச்-1பி வேலை விசாவில் பணிபுரிகிறார். அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்காக, வேலைவழியான இபி-2 பிரிவில் அவருடைய ஐ-140 மனு ஏற்கப்பட்டுவிட்டது; ஆனால் வரிசையில் அவர் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி 2019. மகளுக்கு வயது 15. பெற்றோர் இருவரும் காலமான நிலையில், தந்தை உயில் எழுதாமல் விட்டுச்சென்ற நஞ்சையை ஐந்து கோடிக்கு விற்று, அமெரிக்காவில் முதலீடு செய்து கிரீன் கார்டு பெறும் இபி-5 வழியில் போகலாமா என்று கேட்கிறார். வாங்குபவர் இரண்டு கோடிக்குப் பத்திரம், மீதி ரொக்கம் என்கிறாராம். தங்கை கையெழுத்துப் போட மறுக்கிறாராம்.

உங்கள் கடிதத்தில் உள்ள, நிறுவனம் உங்களை இழுத்தடித்த கதையும், தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் போட்ட நகைக் கணக்கும் இந்தக் கேள்விக்கு வேண்டாதவை. இரண்டு வழிகளில் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. இந்தியாவில் பிறந்தோருக்கான இபி-2 வரிசை பத்தாண்டுக்கு மேல் பின்தங்கியிருப்பதால், பெற்றோரின் மனுவில் சேர்ந்து கிரீன் கார்டு பெறும் வயது வரம்பான 21-ஐ மகள் தாண்டுமுன் உங்கள் முறை வராது என்று வைத்துக்கொண்டு, வேலைவழி மனுவை அப்படியே வைத்திருந்தபடி இபி-5 மனுவையும் போடலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முதலீடு செய்யும் 8,00,000 டாலரும் எங்கிருந்து வந்தது என்பதைத் தாளில் காட்ட முடியுமா?

பத்திரத்தில் ஏறாத மூன்று கோடியைக் காட்ட முடியாது. என்னிடம் வந்த ஒருவர், மஞ்சள் பைகளில் வாங்கிய ரொக்கத்தை அரிசி ஆலை வைத்திருந்த மைத்துனரிடம் கொடுத்து, அதையே அன்பளிப்புக் காசோலையாகத் திரும்பப் பெற்றார். மைத்துனருடைய வருமான வரிக் கணக்கை அமெரிக்க அதிகாரி கேட்டபோது, அவ்வளவு பணத்துக்கு ஆலைக் கணக்கில் இடமில்லை; மனு நிராகரிக்கப்பட்டதோடு மைத்துனருக்கும் இங்கே நோட்டீஸ் வந்தது. நிலம் விற்ற பணத்தில் ரூ.20,000-ஐயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் நகராட்சி எல்லையிலிருந்து போதிய தூரத்தில் உள்ள விவசாய நிலத்தின் விற்பனைக்கு இந்தியாவில் மூலதன ஆதாய வரியே கிடையாது. குறைத்து எழுதுவதால் முத்திரைத் தீர்வை மிச்சமாவது வாங்குபவருக்கு, சிக்கல் மட்டும் உங்களுக்கு.

தங்கை விஷயத்தில் வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போங்கள். அவருக்குச் சரிபாதி உரிமை உண்டு. பாகப்பிரிவினை வழக்கு முடிவதற்குள் உங்கள் மகளுக்கு 21 வயது கடந்துவிடும். அவரையும் சேர்த்துக் கையெழுத்திடச் செய்து, முழு விலைக்குப் பத்திரம் பதிந்து, அவருடைய பாதியை அவர் கணக்கிலேயே வாங்கச் சொல்லுங்கள். உங்கள் இரண்டரைக் கோடி என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாடு வாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) விழட்டும். அங்கிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை ஆடிட்டர் சான்றுடன் அனுப்பலாம். முதலீட்டுக்கு வேண்டிய 8,00,000 டாலர், அதாவது ஏறத்தாழ ஏழு கோடியில், மீதியைச் சம்பளச் சேமிப்பிலிருந்து உங்களால் காட்ட முடியாவிட்டால், இபி-5 உங்களுக்கான வழியல்ல. முழு விலைக்குப் பத்திரம் போட வாங்குபவர் மறுத்தால், முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.