வேலியோரத்து முள்ளுப்பழம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்ட வேலியில் ஒரு முட்புதர் படர்ந்திருக்கிறது. கறுத்த பழங்களைப் பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்கள். ஆபத்தில்லையே?

ஒரு பழத்தைப் பறித்துப் பாருங்கள். வெண்மையான குமிழ் காம்பிலேயே நின்றுவிட, பழம் மட்டும் உள்ளே குழிந்த குல்லாய்போல் கையோடு வந்தால் அது காட்டு ராஸ்பெர்ரி. தண்டில் வெள்ளைப் பூச்சு இருக்கும். விரலால் தேய்த்தால் அழியும். இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும். தாவரவியலார் இதை ரூபஸ் நிவியஸ் என்பார்கள். பொன்மஞ்சளாகப் பழுத்து, தண்டு முழுக்கச் செம்பழுப்பு மயிரும் மும்மூன்றாகச் சிற்றிலைகளும் இருந்தால் அது ரூபஸ் எலிப்டிகஸ். இரண்டையும் தாராளமாகத் தின்னலாம்.

பயப்பட வேண்டியது பக்கத்திலேயே நிற்கும் உண்ணிச்செடிக்கு. அதுவும் முள், அதிலும் கறுப்புக் கொத்து. ஆனால் அதில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, பளபளவென்று, உள்ளே கொட்டையோடு இருக்கும். இலைகள் எதிரெதிரே அமைந்து சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் நெடி தூக்கும். அதன் பச்சைக்காய் நஞ்சு. குழிந்து வந்தால்தான் வாயில் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். காப்பிக்கோ மிளகுக்கோ போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூசண மருந்து) தெளித்திருந்தால் அந்த வேலிப் பக்கம் சிறிது காலம் யாரும் கை வைக்க வேண்டாம்.

மஞ்சக்குட்டையில் வீட்டுக்குப் பின்னால் இதே செடி இருக்கிறது. ஆண்டுதோறும் தரையோடு வெட்டிவிடுகிறோம். தழைத்து வளர்கிறது, காய்ப்பதே இல்லை. என்ன உரம் வைக்கலாம்?

உரத்தில் ஒன்றுமில்லை, குற்றம் அரிவாளில். பெரும்பாலும் இந்தச் செடியின் தண்டு முதல் ஆண்டில் இலையை மட்டும் விடும். அடுத்த ஆண்டு அதே தண்டு பக்கக்கிளை விட்டுப் பூத்துக் காய்த்து, பிறகு காய்ந்துபோகும். காய்க்க வேண்டிய தண்டை நீங்கள் ஆண்டுதோறும் வெட்டி எறிந்துகொண்டிருக்கிறீர்கள்.

பழம் முடிந்ததும் புதருக்குள் குனிந்து பாருங்கள். பழுப்பேறிப் பட்டை உரியும் தண்டுகள் காய்த்து ஓய்ந்தவை. அவற்றை அடியோடு எடுங்கள். வெள்ளைப் பூச்சோடு நிமிரும் இளந்தண்டுகளில் தடித்தவையாக நான்கைந்தை விட்டு மற்றவற்றைக் கழியுங்கள். விட்டவை நெஞ்சளவு வந்ததும் நுனியைக் கிள்ளிக் கம்பியில் கட்டுங்கள். காப்பிச் செடிக்குக் கவாத்து செய்யத் தெரிந்த கைக்கு இதெல்லாம் அரை மணி நேர வேலை. கவாத்துக் கத்திக்கு முன்னால் முழங்கை வரை உறை போட மறக்காதீர்கள். முள் கொக்கிபோல வளைந்தது.

வளைந்த நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் விடும். கன்று வேண்டுமானால் நுனியைப் புதைத்துப் பதியம் போடுங்கள். வேண்டாமென்றால் தூக்கிக் கட்டுங்கள். இதைச் சும்மா விடக் கூடாது. நம் மண்ணுக்குச் சொந்தமான இச்செடிகள் வெளியே போய்ப் பெரும் தொல்லையாகியிருக்கின்றன: கலாபகஸ் தீவுகளில் நிவியஸ், ஹவாயில் எலிப்டிகஸ்.

பழத்துக்குள் வெள்ளைப் புழு நெளிகிறது. ஜாம் செய்தால் இறுகுவதும் இல்லை.

பழ ஈக்களின் புழுக்கள். கனிந்து தொங்க விடாமல், கறுத்த அன்றே காலையில் பறியுங்கள். உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் புழு வெளியேறும். பிறகு அலசி உடனே பயன்படுத்துங்கள்; கழுவி வைத்த பழம் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும்.

ஜாமை இறுக வைப்பது பழத்திலுள்ள பெக்டின் என்ற பொருள். நன்றாகக் கனிந்த பழத்தில் அது குறைவு. அதனால் கால் பங்கு சிவப்புக் காயையும் சேருங்கள். ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு. விதை பல்லில் மாட்டும் என்பவர்கள் வேகவைத்த விழுதைச் சல்லடையில் தேய்த்தெடுக்கலாம். அகன்ற பாத்திரத்தில், கொதி குறையாத தீயில் கிளறுங்கள். 105 டிகிரி செல்சியஸ் வந்தால் பதம். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழ வேண்டும்.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள். இந்த இலைத் தேநீர் சுகப்பிரசவத்துக்கு நல்லது என்கிறார்களே?

அந்தப் பேச்சு ஐரோப்பிய ராஸ்பெர்ரி இலையைப் பற்றியது. இது வேறு இனம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். இணையத்தில் விற்கும் வெளிநாட்டு ராஸ்பெர்ரிக் கன்று வாங்கலாமா?

வாங்காதீர்கள். அவற்றில் பல ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலேயே அது கிடைக்காது. சேலத்துக்கு எங்கே போவது? மலையில் தெரிந்தவர் வீட்டுப் பதியத்தைக் கேளுங்கள், காப்புக்காட்டில் பிடுங்க வேண்டாம். நிவியஸ் வெப்பத்தை ஓரளவு தாங்கும்.

காலை வெயில் மட்டும் படும் மூலை, பெரிய தொட்டி, மட்கிய இலையும் தொழுவுரமும் கலந்த செம்மண். மேக்னசைட் சுரங்கப் பக்கத்து மண் வேண்டாம். அதன் காரத்தன்மையில் இலை மஞ்சளிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நிழல்வலை கட்டுங்கள். ஒரு கைப்பிடி பழம் கிடைக்கலாம். ஜாம் செய்யும் அளவுக்கு வேண்டுமானால் சீசனில் ஏற்காடு பஸ் ஏறுவதுதான் வழி.