வெளிநாட்டில் வாழும் ஆப்பிரிக்கர்களின் சங்கங்கள் உண்மையிலேயே பண்பாட்டைக் காக்கின்றனவா, இல்லை ஆண்டுக்கொரு நாள் ஆட்டமும் சாப்பாடும்தானா?

எல்லா ஆப்பிரிக்கர்களுக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்ல என்னால் முடியாது. எனக்குப் பழக்கமான ஒரு சமூகத்தை வைத்துச் சொல்கிறேன்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தென்கரையில், நியூ பெட்ஃபோர்ட் என்ற துறைமுக ஊரிலும் அதைச் சுற்றியும் வாழும் கேப் வெர்டே மக்கள். நான் இருப்பது பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில். என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவரின் குடும்பம் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கும் சங்கக் கூடத்துக்கும் போய்வந்ததில் தெரிந்துகொண்டதும், அதன் பிறகு ஆர்வம் தாங்காமல் தேடிப் படித்ததும்தான் இந்தப் பதில்.

ஆட்டமும் சாப்பாடும் நிறையவே உண்டு. ஆனால் அந்தச் சங்கங்கள் பண்பாட்டைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்டவையே அல்ல. ‘நாங்கள் ஆப்பிரிக்கர்கள்’ என்று அவர்கள் சொல்லத் தொடங்கியதே வெகு தாமதமாக, வீட்டுக்கு வீடு சண்டை நடந்த பிறகுதான்.

கேப் வெர்டே என்பது செனகலுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கும் பத்துத் தீவுகள். 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தபோது அங்கே மனிதரே கிடையாது. 1462இல் சாந்தியாகு தீவில் குடியேற்றம் தொடங்கியது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவந்த அடிமைகளை இறக்கி, மறுபடி கப்பலேற்றி விற்கும் சந்தையாக அந்தத் தீவு வளர்ந்தது. அந்த அடிமைகளுக்கும் ஐரோப்பியக் குடியேறிகளுக்கும் பிறந்த சந்ததியே இன்றைய மக்கள். மழையோ எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 1940களின் பஞ்சங்களில் மட்டும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்தக் கடல்வழி போன அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ப்ராவா, ஃபோகோ தீவுகளில் நின்று தண்ணீரையும் ஆட்களையும் ஏற்றிக்கொள்ளும். பசிக்குத் தப்ப நினைத்த இளைஞர்கள் குறைந்த கூலிக்கே ஏறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகத் திமிங்கில வேட்டைக்கே நியூ பெட்ஃபோர்ட்தான் தலைநகர் என்பதால் அங்கேயே கரையிறங்கினார்கள். வேட்டை ஓய்ந்ததும் துறைமுக மூட்டை, துணி ஆலை, கேப் காட் பக்கத்துச் சதுப்பு வயல்களில் கிரான்பெரிப் பழம் பறிப்பது என்று கிடைத்த வேலைக்குப் போனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோரின் முன்னோர் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். கேப் வெர்டே மக்கள் தாங்களாக வந்தவர்கள்; அதிலும் பலர் தங்கள் ஆட்களே நடத்திய கப்பல்களில் வந்தவர்கள். காலாவதியான மீன்பிடிப் பாய்மரக் கப்பல்களை மலிவாக வாங்கிச் செப்பனிட்டுத் தீவுகளுக்கும் நியூ இங்கிலாந்துக்கும் இடையே ஓட்டினார்கள். இங்கிருந்து துணியும் மாவும் பணமும் போகும், அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். அந்தக் கப்பல்களில் பேர்போனது ‘எர்னஸ்டினா’. 1894இல் மாசசூசெட்ஸிலேயே கட்டப்பட்டு, மீன்பிடிக்கவும் ஆர்க்டிக் பயணங்களுக்கும் உழைத்துத் தேய்ந்ததை, 1948இல் என்ரிக் மென்டிஸ் என்ற கேப் வெர்டே மாலுமி வாங்கிப் பெயரை மாற்றினார். ஜெட் விமானங்கள் பறந்துகொண்டிருந்த 1965வரை அது பாய் விரித்து அமெரிக்காவுக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற கேப் வெர்டே அரசு 1982இல் அதை அமெரிக்க மக்களுக்குப் பரிசாக அனுப்பிவைத்தது. ஏழை நாடு பணக்கார நாட்டுக்குக் கப்பல் பரிசளித்த கதையைத் தோழியின் மாமா சொல்லும்போது அவர் மீசையைப் பார்க்க வேண்டும்!

சரி, சங்கத்துக்கு வருகிறேன். சங்கம் முதலில் முளைத்தது நோய்க்கும் சாவுக்கும். மாதாமாதம் சிறு சந்தா கட்டுவது, உறுப்பினர் படுத்துவிட்டால் வீட்டுக்குக் கொஞ்சம் பணம், இறந்தால் கௌரவமான அடக்கம். காப்பீட்டு நிறுவனம் ஏறெடுத்தும் பார்க்காத தொழிலாளிகள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. அடுத்து வாத்தியக் குழு மன்றங்கள் வந்தன. பித்தளை வாத்தியங்களோடு ஊர்வலம் போவது, மாலையில் கூடிச் சீட்டாடுவது. அதற்கும் முன்பே, வெள்ளைப் போர்த்துகீசியரின் தேவாலயத்தில் மரியாதை கிடைக்காததால், 1905இல் நியூ பெட்ஃபோர்டில் தங்களுக்கென்று விண்ணேற்பு அன்னை ஆலயத்தை அமைத்துக்கொண்டார்கள். 1933இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறைமுகத்தில் கப்பல் சுமைத் தொழிலாளர் சங்கக் கிளையைத் தொடங்கியவர்களும் இவர்களே. இதில் எதையுமே ‘பாரம்பரியப் பாதுகாப்பு’ என்று அன்று யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தலைமுறையினரிடம் நீங்கள் யார் என்று கேட்டால், அநேகமாக ‘போர்த்துகீசியர்’ என்றே சொல்லியிருப்பார்கள். கடவுச்சீட்டு அப்படித்தான் சொன்னது. அதோடு, கறுப்பர் என்றால் அமெரிக்காவில் என்ன கிடைக்கும் என்று கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். போர்த்துகலுக்குச் சொந்தமான அஸோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த வெள்ளைப் போர்த்துகீசியரோ இவர்களைத் தங்கள் இனமாக ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் படைக்குப் போனவர்களில் சிலரை வெள்ளையர் பிரிவிலும் சிலரைக் கறுப்பர் பிரிவிலும் போட்டார்கள். தோலின் நிறத்தைப் பார்த்த அதிகாரியின் முடிவுதான் இனம். போர் முடிந்து வந்தவர்களின் படைவீரர் சங்கக் கூடம் நியூ பெட்ஃபோர்டில் இன்றும் இருக்கிறது. கல்யாணம், கருமாதி, தேர்தல் கூட்டம் எல்லாம் அங்கேதான்.

திருப்பம் வந்தது 1960களின் கடைசியில். ஒரு பக்கம் அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம். மறுபக்கம் அமில்கார் கப்ரால் என்ற வேளாண் பொறியாளர் போர்த்துகலுக்கு எதிராக, அதன் இன்னொரு ஆப்பிரிக்கக் காலனியான கினி பிசாவிலும் கேப் வெர்டேயிலும் நடத்திய விடுதலை இயக்கம். கப்ரால் 1970இல் அமெரிக்கா வந்து சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேசினார். தேசிய விடுதலை என்பதே ஒரு பண்பாட்டுச் செயல் என்பது அந்த உரையின் சாரம். அதே 1970 ஜூலையில் நியூ பெட்ஃபோர்டில் கலவரம். வெளியிலிருந்து காரில் வந்த வெள்ளை இளைஞர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் 17 வயது கேப் வெர்டே பையன் ஒருவன் இறந்தான். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். இத்தனைக்கும் பிறகு தங்களைப் போர்த்துகீசியர் என்று சொல்லிக்கொள்ள இளைஞர்களுக்கு நாக்கு வரவில்லை. பெரியவர்களுக்கோ மகன் தன்னை ஆப்பிரிக்கன் என்றது வீட்டைச் சந்தி சிரிக்க வைத்ததைப் போலிருந்தது. தோழியின் தாத்தாவும் பெரியப்பாவும் ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லையாம். கப்ரால் 1973 ஜனவரியில் கினி நாட்டுத் தலைநகர் கொனாக்ரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1975 ஜூலை 5 அன்று கேப் வெர்டே விடுதலை பெற்றது. அதை எதிர்த்தவர்களும், போர்த்துகலோடு இருந்துவிடுவதே நல்லது என்றவர்களும் இங்கே கணிசமாக இருந்தார்கள்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான், 1970களின் தொடக்கத்தில், நியூ பெட்ஃபோர்டில் ஆண்டுதோறும் நடக்கும் கேப் வெர்டே ஊர்வலம் பிறந்தது. விழாவை வேடிக்கை பார்க்கும் நமக்கு ஆட்டம் மட்டும் தெரியும். அவர்களுக்கு அது, ‘எங்களைப் போர்த்துகீசியர் பட்டியலிலும் சேர்க்காதீர்கள், பெயரில்லாதவர்களாகவும் விடாதீர்கள்’ என்று தெருவில் இறங்கிச் சொன்ன செயல்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கச்சுப்பா என்று ஒன்று: உமி நீக்கிய மக்காச்சோளம், இரண்டு மூன்று வகை அவரை, பன்றி இறைச்சி அல்லது மீன் போட்டு மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்கும். மிச்சத்தை மறுநாள் காலையில் வதக்கி, மேலே முட்டை வைத்துத் தின்பார்கள். என் ஓட்டு அந்த மறுநாள் கச்சுப்பாவுக்கே. சங்கக் கூடத்தில் பெரிய பானைகளில் அதைச் சமைப்பது கைப்பக்குவம் உள்ள சில அம்மாக்களின் ஏகபோகம். சோளம் வெந்ததா என்று பார்க்கக்கூட இளையவர்களை விடமாட்டார்கள். இது பண்பாட்டுப் பாதுகாப்பு என்றால், சற்று ஆபத்தான பாதுகாப்பு.

பாட்டு விஷயத்தில் கதை வேறு. தொடக்கத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ப்ராவா, ஃபோகோ தீவினர். அவர்களிடம் இருந்தது மோர்னா என்ற ஏக்கப் பாட்டு. கிதாரும் வயலினும் சேர்ந்து வரும், யுனெஸ்கோ 2019இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டுக்கு என்பது சாந்தியாகு தீவுப் பெண்களின் கலை. வட்டமாக உட்கார்ந்து, தொடைகளுக்கிடையே துணிச் சுருளை இறுக்கி வைத்துக் கையால் அறைந்து தாளம் போடுவார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாட, நடுவில் ஒருத்தி இடுப்பை மட்டும் அசைத்து ஆடுவாள். காலனி அரசும் திருச்சபையும் இதை ஆபாசம் என்று ஒடுக்கின. அண்மைப் பத்தாண்டுகளில் சாந்தியாகுவிலிருந்து பாஸ்டனுக்கும் பிராக்டனுக்கும் வந்த பெண்களே இதை இங்கே கொண்டுவந்தார்கள். நான்கு தலைமுறையாக இங்கே வாழும் குடும்பத்துப் பெண், ஐந்து ஆண்டுக்கு முன் வந்த துப்புரவுத் தொழிலாளியிடம் உட்கார்ந்து தன் ‘பாரம்பரியத்தை’ புதிதாகக் கற்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டி வீட்டில் ஒருபோதும் கேட்டிராத தாளம் அது. போலித்தனம் என்று சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சாந்தியாகுவிலேயே தபங்கா என்று ஒரு வழக்கம் உண்டு. அடிமைக் காலத்தில் வேர்விட்ட உதவிச் சங்கம் அது. ராஜா, ராணி என்று பதவிகள் வைத்துக்கொண்டு, புனிதர் திருநாளில் கொட்டும் சங்குமாக ஊர்வலம் போவார்கள், உறுப்பினர் இறந்தால் அடக்கத்தை ஏற்று நடத்துவார்கள். நியூ பெட்ஃபோர்டின் பழைய அடக்கச் சங்கங்கள் இதிலிருந்தே வந்தன என்று நேர்க்கோடு இழுக்க முடியாது. தீவு வேறு, ஆட்கள் வேறு. ஆனாலும் ஆப்பிரிக்க மரபு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், மேடையைவிட அந்தச் சந்தா நோட்டையே முதலில் காட்டுவேன்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பிராவிடன்ஸில் ஃபாக்ஸ் பாயின்ட் என்ற அவர்கள் பேட்டையை நெடுஞ்சாலையும் அதற்குப் பிறகு ஏறிய வாடகையும் கலைத்துவிட்டன. அங்கே வளர்ந்தவர்கள் இன்று பூங்காவில் கூடித்தான் பழைய அண்டை அயலாரைப் பார்க்கிறார்கள். போர்த்துகீசும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த அவர்கள் தாய்மொழியான கிரியோலு, மூன்றாம் தலைமுறைக்கு வசவும் சாப்பாட்டுப் பெயர்களுமாகச் சுருங்கிவிட்டது. நியூ பெட்ஃபோர்டில் மூடிக்கிடந்த பழைய ஸ்ட்ராண்ட் திரையரங்கத்தை வாங்கிப் பண்பாட்டு மையமாக்கும் வேலையை அங்குள்ள சங்கம் பல ஆண்டுகளாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டடம் வாங்குவதைவிட அதற்குக் கூரை போடப் பணம் திரட்டுவது கடினம்.

ஜூலை முதல் வாரத்தில் நியூ பெட்ஃபோர்ட் ஊர்வலத்துக்குப் போக வாய்த்தால் கொடிகளைக் கவனியுங்கள். 1992இல் நாடு புதிய நீலக் கொடிக்கு மாறியது, பத்துத் தீவுகளுக்குப் பத்து நட்சத்திரம். ஆனால் ஊர்வலத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சையில் கருப்பு நட்சத்திரம் பதித்த பழைய விடுதலைக் கொடியும் பறக்கும். அதைக் கையில் ஏந்தி வருபவர்களில் அதிகம் பேர் அது மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள். நீலக்கொடிக்காரர்கள் அதைக் கப்ராலின் கட்சிக் கொடி என்பார்கள், பிள்ளைகள் ஆப்பிரிக்கக் கொடி என்பார்கள். யார் பக்கம் நியாயம் என்று அங்கே கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கச்சுப்பா தீர்ந்த பிறகுதான் உங்களை விடுவார்கள்.