துறைமுகமும் கரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புதுச்சேரி துறைமுகத்துக்கு வடக்கே எங்கள் ஊர். படகு ஏற்றி வைத்த மணல் முழுக்கப் போய்விட்டது. கல் கொட்டினார்கள், எங்கள் கரை கொஞ்சம் நின்றது, அடுத்த குப்பத்தின் கரை போனது. இதற்குத் துறைமுகம்தான் காரணமா? கடல் மட்டம் உயர்வதுதான் காரணம் என்கிறார்களே?
– மீனவ வாசகர், தந்திராயன்குப்பம்

கடல் மட்டம் உயர்வது உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கணக்கு. சில ஆண்டுகளுக்குள் கரை காணாமல் போவதற்கு அது முதன்மைக் காரணம் ஆகாது. உங்கள் ஊரில் நடந்தது மணல் வரத்து நின்றுபோனதன் விளைவு.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை திசை மாறும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிப் போகும் மணலே அதிகம். ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்ததும் இந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே அலைகளின் வேகம் குறையவில்லை. அவை எடுத்துப் போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. சென்னையில் இது நூறாண்டுக்கு முன்பே நடந்து முடிந்த பாடம். 1870-களில் துறைமுகச் சுவர் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரை கரைந்தது. அந்தப் பாடம் கண்முன் இருந்தும் புதுச்சேரியில் அதே தவறு நடந்தது. மணலை வடக்கே கடத்தும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அதைத் தொடர்ந்து இயக்கவில்லை.

கல் கொட்டினால் சுவருக்குப் பின்னால் இருக்கும் வீடு தப்பும், மணற்கரை தப்பாது. கல்லில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்தைத் தோண்டுகிறது. அடியில் வடிகட்டிப் படுகையோ துணி விரிப்போ இல்லாமல் கொட்டிய கல் சில பருவங்களில் மணலுக்குள் புதைந்துவிடும். மறுபடி கொட்ட வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவரான தூண்டில் வளைவும் அப்படித்தான். அது புதிதாக மணலை உண்டாக்குவதில்லை, வருகிற மணலைப் பிடித்து வைக்கிறது. அது பிடித்த அளவு வடக்கே குறைகிறது. அடுத்த குப்பம் போனதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் நிரந்தரத் தீர்வு என்ன? வெளிநாட்டில் மட்டும்தான் செய்ய முடியுமா?
– கட்டடப் பொறியியல் மாணவி, கடலூர்

மறித்த மணலை ஆண்டுதோறும் மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தீர்வு. ஒருமுறை செய்து முடிக்கிற வேலையாக இதை நினைப்பதில்தான் எல்லாத் திட்டங்களும் சறுக்குகின்றன. துறைமுகம் இருக்கும் வரை மின்கட்டணம் போல இதுவும் நடப்புச் செலவு.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. விசாகப்பட்டினத்தில் துறைமுக வாயிலுக்கு அருகே கடலடியில் ஒரு மணல் பொறி அமைத்திருக்கிறார்கள். அதில் விழும் மணலைத் தூர்வாரும் கப்பல் அள்ளி, வடக்கே இருக்கும் ஆர்.கே. கடற்கரையோரம் பீய்ச்சுகிறது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் நதி முகத்துவாரத்தில் 2001 முதல் நிரந்தர ஏற்பாடு இயங்குகிறது. கடலுக்குள் நீளும் பாலத்தின் அடியில் நீர்த்தாரை பம்புகள் வரிசையாக நிற்கின்றன. மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, குழாய் வழியே ஆற்றைக் கடந்து மறுபக்கம் தள்ளுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். 10 கன மீட்டர் ஏற்றும் லாரியில் அதைக் கொண்டுபோக வேண்டுமானால் 50,000 நடை. லாரியில் மணல் அடிப்பது ஏன் தீர்வாகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தொழில்நுட்பத்தில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். முதலாவது, மணலின் பருமன். கரையில் இருக்கும் மணலைவிடப் பொடியான மணலைப் போட்டால் முதல் பருவத்திலேயே அலை அதை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். 63 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான வண்டல் அதிகம் கலந்த தூர்மண் கரைக்கு உதவாது. துறைமுகப் படுகையின் அடிச்சேறும் வாய்க்கால் வாயில் சேரும் மணலும் வேறு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டாவது, கொட்டும் ஆழம். பெரிய கப்பலுக்கு மிதக்க ஆழம் வேண்டும். அதனால் 10 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் அடிக்கதவைத் திறந்துவிட்டு, ‘கரைக்கு மணல் ஊட்டினோம்’ என்று கணக்குக் காட்டுவது எளிது. அந்த மணலில் பெரும்பகுதி கரைக்குத் திரும்பாது. குழாய் இணைத்துக் கரையில் இறைக்க வேண்டும், அல்லது முகப்பிலிருந்து வானவில் போல் வளைத்துப் பீய்ச்ச வேண்டும். மூன்றாவது, அளவீடு. இருபுறமும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு, 250 முதல் 500 மீட்டர் இடைவெளியில் நிலைக்கற்கள் நட்டு, மணல்மேட்டிலிருந்து கடலுக்குள் 8 மீட்டர் ஆழம் வரை குறுக்குவெட்டு அளக்க வேண்டும். பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. இந்த அளவீடு இல்லாத மணல் கணக்கை நம்ப வேண்டியதில்லை.

தூர்வாரும் கப்பல் வந்தால் ஒரு மாதத்துக்குக் கடல் கலங்கிக் கிடக்கிறது. வலை முழுக்கச் சேறு. ‘வண்டல் திரை கட்டியிருக்கிறோம்’ என்கிறார்கள். அது பயன் தருமா?
– பைபர் படகு வைத்திருப்பவர், பழவேற்காடு

வண்டல் திரை என்பது கலங்கல் பரவாமல் தடுக்க மிதவையிலிருந்து நீருக்குள் தொங்கவிடும் துணி. அமைதியான படுகைக்குள் அது பயன் தரும். நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினாலோ, திறந்த கடலில் அலை எழும்பினாலோ திரை மேலே தூக்கிக்கொள்ளும் அல்லது கிழியும். திறந்த கடலில் வண்டல் திரையை மட்டும் நம்பிய திட்டம் காகிதத்தில்தான் வேலை செய்யும்.

கலங்கலை மூலத்திலேயே குறைக்க வேண்டும். உறிஞ்சும் கப்பலின் தொட்டி நிறைந்த பிறகும் பம்பை ஓட்டினால் மேல்நீர் சேற்றோடு வழியும். அடிமண் மணலாக இருந்தால் அதில் பொருள் உண்டு. கனமான மணல் தொட்டியில் தங்கும், நீர் வெளியேறும். அடிமண் சேறாக இருந்தால் வழியவிடுவதில் ஒப்பந்தக்காரருக்கும் பெரிய ஆதாயமில்லை, கடலுக்கு மட்டும் நட்டம். ஆகவே சேற்றுப் பகுதியில் மேல்வழிவுக்குத் தடை கேளுங்கள். அடுத்தது, குறித்த இடத்துக்குப் போகாமல் பாதி வழியிலேயே கொட்டிவிட்டுத் திரும்புவது. ஒவ்வொரு நடையின் ஜி.பி.எஸ். தடத்தையும், கப்பல் எவ்வளவு மூழ்கி மிதந்தது என்ற பதிவையும் பொருத்திப் பார்த்தால் இது பிடிபடும்: எந்த இடத்தில் கப்பல் சட்டென்று மேலெழுந்ததோ அங்கே கொட்டியிருக்கிறார்கள்.

கலங்கல் மானிகள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று நீரோட்டத்துக்கு மேல்பக்கம், ஒப்பீட்டுக்கு. மற்றது கீழ்பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இத்தனையைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று அனுமதி ஆணையில் எண்ணாகவே எழுதியிருக்க வேண்டும்.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் இல்லை, அப்போது தூர்வாரலாம் என்று சொல்வார்கள். ஆனால் அந்த 61 நாள் தடையே மீன் இனப்பெருக்கத்துக்காக வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறும் காலம். அப்போது வேலை தவிர்க்க முடியாவிட்டால், கப்பலின் உறிஞ்சு குழாய் முனையான உறிஞ்சுதலையின் முன் ஆமையை ஒதுக்கும் தகடு பொருத்த வேண்டும்; உறிஞ்சுதலை கடல்தரையைத் தொட்ட பிறகே பம்பை இயக்க வேண்டும். ஒடிசாவில் கஹிர்மாதா ஆமைக் கரைக்கு அருகே உள்ள தாம்ரா துறைமுகத்தில் இந்தத் தகடும், கடல் பக்கம் வெளிச்சம் சிதறாத மறைப்பு விளக்குகளும் பயன்படுத்தப்பட்டன.

எண்ணூர்க் கழிமுகத்தில் ‘காக்கா ஆழி’ பரவி இறால் இல்லாமல் போனது. அதற்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், காட்டுக்குப்பம்

காக்கா ஆழி அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்த சிப்பி. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் பரவியிருக்கிறது. கப்பல் நிலைபெற ஏற்றும் கடல்நீரான பேலஸ்ட் நீரில் குஞ்சாகவோ, அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சேற்றின் மேல் பாய் விரித்தது போல் படர்வதால் இறால் புதைய இடமில்லை, மண்புழுவும் மஞ்சள் மட்டியும் மூச்சுமுட்டிச் சாகின்றன.

சரக்கில்லாமல் வரும் கப்பல், நிலைபெற்று மிதக்கக் கடல்நீரை ஏற்றிக்கொள்ளும். ஏற்றுமதிச் சரக்கை ஏற்றும்போது அதை நம் துறைமுகத்தில் இறக்கும். இதற்கான சர்வதேச உடன்படிக்கை 2004-இல் உருவாகி 2017 செப்டம்பர் 8-இல் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிரிகள் ஒரு கன மீட்டருக்கு 10-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கப்பலில் வடிகட்டியும் புற ஊதா விளக்கும் வைத்து இதைச் செய்கிறார்கள். சேறு கலங்கிய துறைமுகத்தில் நீர் ஏற்றும்போது வடிகட்டி அடைத்துக்கொள்ளும், கலங்கிய நீரில் புற ஊதா ஊடுருவாது. அவசரத்தில் கருவி வழியே செலுத்தாமல் நீரை நேராக ஏற்றிவிடுவதும் நடக்கும். துறைமுகம் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டால் இது தெரியாது, மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். வந்து நிலைத்துவிட்ட சிப்பியைக் கையால் அள்ளுவதைத் தவிரப் பெரிய வழியில்லை. மருந்தடித்தால் மிச்சமிருக்கும் மட்டியும் போகும்.

நிலக்கரித் தூசி வீட்டுக்குள் படிகிறது. தண்ணீர் தெளிக்கிறோம் என்கிறார்களே?
– இல்லத்தரசி, அத்திப்பட்டு

தெளிப்பது வேண்டும், அது மட்டும் போதாது. வெயிலில் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். தூசி பெரும்பாலும் குவியலிலிருந்து அல்ல, கைமாறும் இடங்களிலிருந்து கிளம்புகிறது: கப்பலிலிருந்து அள்ளி உயரத்திலிருந்து கொட்டும்போது, நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பட்டை மாறும் முனையில், தார்ப்பாய் போடாத லாரியில், கழுவாத சக்கரத்தில். மூடிய பட்டைப் பாதை, கொட்டும் உயரத்தைக் குறைப்பது, வாயிலில் சக்கரம் கழுவும் தொட்டி, காற்றுத் தடுப்பு வேலி இவை எல்லாம் சேர்ந்தால்தான் குறையும். 10 மைக்ரான் தூசிக்குத் தேசிய வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அளவுமானி துறைமுக அலுவலகக் கூரையில் இருக்கிறதா, காற்று போகும் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நீதிமன்ற ஆணைப்படி 2011-இல் நின்றது. அந்தச் சரக்கு வடக்கே எண்ணூருக்குப் போனது. வடசென்னை மூச்சுவிட்டதன் விலையை உங்கள் பகுதி கொடுக்கக் கூடாது.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்க முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

முடியும். நின்றாலும் விளக்கு, பம்பு, குளிர்சாதனம் இவற்றுக்காகக் கப்பலின் துணை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதம் வரை இருக்கலாம், நம் பி.எஸ்.-6 டீசலின் வரம்பைவிட அது 500 மடங்கு. சிக்கல் அலைவெண்ணில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான பெரிய கப்பல்கள் 60. அலைவெண் மாற்றியை நிறுவுவதுதான் பெருஞ்செலவு. பெரிய கப்பல்களுக்கு 6.6 கிலோவோல்ட் இணைப்பு வேண்டும். தாழ்மின்னழுத்தத்தில் கொடுத்தால் தடித்த கேபிள்கள் பல இழுக்க நேரும்.

எங்கள் ஊரில் துறைமுக விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?
– ஊராட்சி உறுப்பினர், திருவள்ளூர் மாவட்டம்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். முழு வரைவு ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். சுருக்கத்தோடு நிற்காமல் முழு வரைவில் இரண்டு அத்தியாயங்களைப் படியுங்கள்: கரைமாற்ற ஆய்வு, அடிப்படைத் தரவு (திட்டத்துக்கு முந்தைய நிலையின் அளவீடுகள்). அடிப்படைத் தரவு ஒரே பருவத்தில் எடுத்ததா என்று பாருங்கள். திசை மாறும் மணலை மூன்று மாதம் அளந்து ஆண்டுக் கணக்கு எழுத முடியாது. இது ஒன்றே ஆய்வைத் திருப்பி அனுப்பக் கேட்பதற்குப் போதுமான காரணம்.

பிறகு கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் மணல் மறிக்கப்படும், அதை எங்கே சேர்ப்பார்கள், அந்தச் செலவு எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது? எண்ணெய் சிந்தினால் முதல் இரண்டு மணி நேரத்தில் மிதவைத் தடுப்பை யார் விரிப்பார்? 700 டன் வரையிலான கசிவைச் சமாளிக்கும் பொறுப்பு துறைமுகத்துடையது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது கெட்டியான எரிபொருளை உறிஞ்சும் லாரிகளால் இழுக்க முடியாமல், மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். கெட்டி எண்ணெய்க்கு ஏற்ற கருவி வாங்கப்பட்டிருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும். உங்கள் ஆட்சேபம் விடுபட்டிருந்தால் கலைவதற்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதன் பிறகு அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது பொது ஆவணம்.